ஒன்றரைச் சாண் எம்டன்: குழுவாகச் சேர்ந்து கப்பல் மாடல் கட்ட முழுமையான வழிகாட்டி

"அந்த ஆள் சரியான எம்டன்" என்று சொல்லும்போது அது ஒரு கப்பலின் பெயர் என்பது நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் கரைக்கு எதிரே வந்து, சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஏழு பேர். "இந்தத் தடவை எல்லாரும் ஒரே கப்பலைக் கட்டுவோம்" என்று பேச்சு வந்தபோது வேறு எந்தப் பெயரையும் யாரும் சொல்லவில்லை.

அந்த ஏழு எம்டன்களைக் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. அதில் கற்றதையும் கெடுத்ததையும் வைத்து எழுதியது இது. பாகங்களாகப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கிட்டில் விமானமோ காரோ ஒன்றிரண்டு கட்டியவர்களுக்குப் பொருந்தும். எதுவுமே கட்டாதவரும் ஒரு குழுவோடு சேர்ந்தால் தைரியமாக இறங்கலாம்.

குழுவைச் சேர்ப்பது

கிட் வாங்குவதற்கு முன் ஆளைச் சேருங்கள். விமான மாடலைத் தனியாக உட்கார்ந்து கட்டிவிடலாம். கப்பல் அப்படியல்ல. கப்பல் மாடல் கெடுவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான், கைத்திறன் குறைவதால் அல்ல. என் முதல் கப்பலில் மூன்று புகைபோக்கிகளையும் அழகாக ஒட்டி முடித்த பிறகுதான், அவற்றுக்கு இடையே இருக்கும் தளத்துக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை என்று தெரிந்தது. பிரஷ் உள்ளே போகாது. பிடுங்கினால் உடையும். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அதனால் எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான்: பசை மூடியைத் திறக்கும் முன் பக்கத்து ஆளிடம் காட்ட வேண்டும். அவர் உங்களைவிட அனுபவசாலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்களில் மூத்தவர் கப்பல் என்ஜினீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பாலத்தின், அதாவது கப்பலை நடத்தும் மேடையின், ஒரு தளத்தை ஒட்டப்போன நேரத்தில் பதினோராம் வகுப்புப் பையன் எட்டிப் பார்த்து, "அங்கிள், அது தலைகீழா இருக்கு" என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முப்பது வருஷம் கப்பல்ல இருந்தேன்டா தம்பி" என்றார். தலைகீழாகத்தான் இருந்தது.

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் டீக்கடைக் கூட்டமாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வேலை நகரும். இடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு உறுப்பினரின் மொட்டை மாடி அறை. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் அங்கே உட்கார முடியாது என்பதால் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவோம்.

பொதுவில் வாங்க வேண்டியவை: காற்றழுத்தத்துக்குக் கம்ப்ரெசர், அந்தக் காற்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ், பித்தளைத் தகடு மடிக்கும் கருவி, கப்பலின் வரைபடங்கள். தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டியவை: பசை, பிளேடு, பிரஷ். இந்த மூன்றையும் இரவல் கொடுத்தால் நட்பு நிலைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருள்களை ஒரே பார்சலாக வாங்கினால் அனுப்பும் செலவு பங்காகும். ஆனால் கரைப்பான் கலந்த பெயிண்டுகளும் ஸ்ப்ரே டப்பாக்களும் தீப்பிடிக்கும் சரக்கு, விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். அவற்றை உள்நாட்டிலேயே தேடுங்கள்.

எந்த அளவு?

எம்டனின் மொத்த நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். இதை வகுத்துப் பார்த்தால் முடிவு தானாக வரும். 1/700, அதாவது நிஜத்தில் எழுநூறில் ஒரு பங்கு என்றால் 17 செ.மீ.கூட வராது. 1/350 என்றால் 33.8 செ.மீ., அதாவது ஒன்றரைச் சாண். 1/200 என்றால் 59 செ.மீ. மரத்தில் கட்டுபவர்கள் விரும்பும் 1/96 என்றால் 123 செ.மீ., அதற்கு அலமாரியை இடித்துக் கட்ட வேண்டும்.

1/700 என்பது உலகெங்கும் அதிகம் புழங்கும் கப்பல் அளவு. 1971-ல் ஜப்பானின் ஷிஸுவோக்கா நகர நிறுவனங்கள் நான்கு சேர்ந்து நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் செய்யும் வரிசையை ஆரம்பித்ததிலிருந்து அது பரவியது. விலை குறைவு, இடமும் குறைவு. ஆனால் முதல் கப்பலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 170 செ.மீ. உயர மாலுமி 1/700-ல் இரண்டரை மி.மீ.கூட இருக்க மாட்டார். 1/350-ல் கிட்டத்தட்ட 5 மி.மீ. இருப்பார். கண்ணுக்கும் கைக்கும் அந்த வித்தியாசம் பெரிது. எம்டனையும் அதன் உடன்பிறப்பான டிரெஸ்டனையும் ரெவெல் நிறுவனம் 1/350 அளவில் கிட்டாக வெளியிட்டிருக்கிறது. செலவு ஒத்துவராது என்றால் காகித மாடல்கள் உண்டு. ஜெர்மன் காகிதக் கப்பல்களின் வழக்கமான அளவு 1/250. கத்தரியும் ஃபெவிகாலும் இருந்தால் போதும், ஆனால் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும்.

கப்பலைப் படிக்கும் ஞாயிறு

முதல் கூட்டத்தில் யாரும் கிட்டைப் பிரிக்கக்கூடாது. கப்பலைப் பற்றி மட்டும் பேச வேண்டும். இது வெட்டிப் பேச்சு போலத் தோன்றும், ஆனால் பின்னால் ஐம்பது கேள்விகளை இதுதான் மிச்சப்படுத்தும்.

முக்கியமான கேள்வி: எந்தத் தேதியில் இருந்த கப்பலைக் கட்டுகிறீர்கள்? 1909-ல் படையில் சேர்ந்த எம்டன் சீனக் கரையின் சிங்டாவோவில் இருந்த காலத்தில் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த புகைபோக்கிகளுமாக இருந்தது. 'கீழ்த்திசையின் அன்னம்' என்று பெயர். போர் தொடங்கியதும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. மதராஸுக்கு வந்தது அந்தச் சாம்பல் எம்டன். அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது இன்னும் ஒரு மாற்றம்: பிரிட்டிஷ் கப்பல் போலக் காட்டுவதற்காக மூன்று புகைபோக்கிகளோடு துணியால் செய்த நான்காவது ஒன்றையும் நிறுத்தியிருந்தார்கள். அதே வேடத்தில் போய் ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றதோடு அதன் கதை முடிந்தது.

ஆக வெள்ளை, சாம்பல், நான்கு புகைபோக்கி என்று மூன்று வெவ்வேறு மாடல்கள். இதை முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் பெயிண்ட் அடிக்கும் நாளில் சண்டை வரும்.

அடுத்தது உடன்பிறப்புக் குழப்பம். டிரெஸ்டனும் எம்டனும் பார்க்க ஒன்று போல இருக்கும். ஆனால் டிரெஸ்டனுக்கு டர்பைன், எம்டனுக்குப் பழைய பிஸ்டன் நீராவி என்ஜின். அதனால் டிரெஸ்டனுக்கு நான்கு புரொப்பெல்லர், எம்டனுக்கு இரண்டு. ஒரே அச்சிலிருந்து இரண்டு கப்பல்களையும் செய்யும் கிட்டுகளில் இரண்டு கப்பலுக்கும் உரிய பாகங்கள் கலந்தே வரும். எந்தெந்தப் பாகம் உங்களுக்கு வேண்டாதது என்று பார்த்து முதல் நாளே மார்க்கரால் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள்.

கருவிகள்

பொழுதுபோக்குக் கடைகளில் விற்கும் பளபளப்பான கருவிப் பெட்டிகள் வேண்டாம். நகை செய்பவர்களுக்குக் கருவி விற்கும் கடைக்குப் போங்கள். மெல்லிய முனை உள்ள சாமணம், சின்ன அரங்கள், கையால் சுழற்றும் சிறு டிரில், உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் அங்கே கிடைக்கும். அதே வேலைக்கு ஆயுள் முழுக்க உழைப்பவை. ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மெல்லிய தாமிரக் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். 40-ம் எண் கம்பி 0.12 மி.மீ., 44-ம் எண் 0.08 மி.மீ. பெயிண்ட் கடையில் 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர். சாதாரண உப்புத்தாள் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும்.

செலவழிக்க வேண்டிய ஒரே இடம் நிப்பர். பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து அவற்றை வெட்டும் அந்தக் குறடு நல்லதாக இருக்க வேண்டும். அப்புறம் பசை இரண்டு வகை வேண்டும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மெல்லிய திரவப் பசை ஒன்று, டாமியா எக்ஸ்ட்ரா தின் போல. பித்தளைக்கும் கம்பிக்கும் சூப்பர் குளூ ஒன்று, ஃபெவிகுவிக் வகையறா. சூப்பர் குளூ இறுகுவதே காற்றின் ஈரத்தால்தான் என்பதால் நம் கடற்கரை ஊர்களில் அது கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். திறந்த டியூபும் சீக்கிரம் கல்லாகிவிடும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே திறக்காமல், குளிர் அடங்கிய பிறகு திறக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும்

பாகங்கள் இருக்கும் சட்டகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. நிழலில் காய வேண்டும். மூடிய காருக்குள் விட்ட கிட்டில் மெல்லிய தளங்கள் நெளிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். நெளிந்ததை வெந்நீரில் அமிழ்த்தித் தட்டையான கண்ணாடி மேல் அழுத்தி வைத்து ஓரளவு சரி செய்யலாம்.

பாகத்தைச் சட்டகத்தை ஒட்டி வெட்டாதீர்கள். இரண்டு மி.மீ. தள்ளி ஒரு வெட்டு, பிறகு மிச்சத்தை ஒட்டி இன்னொரு வெட்டு, அப்புறம் வாட்டர் பேப்பர். ஒரே வெட்டில் எடுத்தால் பாகத்தின் உடம்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிடும், துப்பாக்கிக் குழல் போன்றவை முறிந்தே போகும்.

உடல்

இந்தக் கட்டத்தில்தான் அவசரப்படக்கூடாது. எங்கள் ஏழு பேரில் நான்கு பேர் இங்கே மட்டும் ஆறு வாரம் செலவழித்தோம்.

பெரும்பாலான கிட்டுகளில் உடல் இடது, வலது என இரண்டு பாதிகளாக இருக்கும். பசையில்லாமல் இரண்டையும் சேர்த்து மாஸ்கிங் டேப் சுற்றி, தளத்தையும் மேலே வைத்துப் பாருங்கள். தளம் உட்காரவில்லை என்றால் உடலை ஒட்டிய பிறகு எந்தச் சாமி வந்தாலும் உட்கார வைக்க முடியாது. முன்னும் பின்னும் பொருந்தி நடுவில் வாய் பிளந்தால், உள்ளே குறுக்காகப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி அகலத்தைச் சரி செய்ய வேண்டும். சட்டகத்தின் கழிவுத் துண்டுகளே போதும்.

கப்பலின் முன்முனையான அணியத்திலிருந்து ஆரம்பியுங்கள். எம்டனின் அணியம் நீருக்கு அடியில் முன்னோக்கி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும், அந்தக் காலத்து இடிமுனை வடிவம். அது ஒரு மி.மீ. விலகினாலும் கப்பலின் முகமே மாறிவிடும். அணியத்தை ஒட்டிக் காயவிட்டு, பிறகு கப்பலின் அடித்தண்டான ஏரா வழியாக ஐந்தைந்து செ.மீ. ஆகப் பின்னால் போங்கள். திரவப் பசையை உள்பக்கமாக விளிம்பில் தொட்டால் அது தானே இடுக்குக்குள் ஓடிவிடும். வெளியிலிருந்து தொட்டால் உங்கள் கைரேகை நிரந்தரமாகப் பதியும். ஒட்டிய உடலை ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது.

மறுநாள் பட்டி பார்க்கும் வேலை. கார் பட்டறையில் செய்கிற அதே தத்துவம்தான்: பூசு, காயவிடு, தேய், விரலால் தடவிப் பார், மறுபடி பூசு. நான் கடைப் பட்டியை விட்டுவிட்டு சூப்பர் குளூவில் முகத்துக்குப் போடும் பவுடரைக் குழைத்துப் பூசுகிறேன். சுருங்காது, ஓரம் மென்மையாகத் தேயும். ஒரே நிபந்தனை, பூசி ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். இரவு விட்டுவிட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, பட்டி அப்படியே நிற்க, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் தேயும்.

வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். பிளாஸ்டிக் தூசி மூக்குக்குள் போகாமல் இருக்கவும் அது உதவும்.

இணைப்பு மறைந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. சாம்பல் பிரைமர் ஒரு கை அடித்துப் பார்த்தால்தான் கோடு தெரியும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் வாகன ஸ்ப்ரே பிரைமர் சில சமயம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கழிவுச் சட்டகத்தில் அடித்துப் பார்க்காமல் கப்பலில் அடிக்க வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரும் என்.சி. தின்னரும் கப்பலின் பக்கத்திலேயே வரக்கூடாது. எங்களில் ஒருவர் தப்பாக அடித்த பெயிண்டை அழிக்க ரிமூவரில் பஞ்சை நனைத்தார். பெயிண்டோடு கப்பலின் ஜன்னல்களும் போய்விட்டன.

நீர்மட்டக் கோடு போடும் முறை எளிது. கப்பல் நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம் 5.53 மீட்டர், 1/350-ல் சுமார் 16 மி.மீ. கண்ணாடி மேல் கப்பலை முன்னும் பின்னும் சமமாக நிறுத்துங்கள். 16 மி.மீ. உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து டேப்பால் ஒட்டி, அந்த அடுக்கைக் கப்பலைச் சுற்றி நகர்த்தினால் நேர்கோடு கிடைக்கும். ஸ்கேலை வைத்துக் கையால் போட்ட கோடு வளைவில் ஏமாற்றும்.

பெயிண்ட்

வரிசை இதுதான்: நீருக்குக் கீழே சிவப்பு முதலில், பிறகு அதை மறைத்து உடலின் நிறம், தளங்கள் தனி, மேல்கட்டுமானம் தனி. ஒட்டுவது எல்லாம் பிறகு.

நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வேண்டும். ஒரு கப்பலை நூறு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் நடுவில் இருக்கும் காற்றால் நிறம் மங்கித் தெரியும். ஒன்றரைச் சாண் மாடலில் டப்பாவில் இருக்கிற நிறத்தை அப்படியே அடித்தால் அது கப்பலாகத் தெரியாது, பொம்மையாகத் தெரியும். பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்துகொள்ளுங்கள். சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் எங்கேயும் வேண்டாம்.

டாமியா அக்ரிலிக் பெயிண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து பால் பதத்துக்கு இளக்குங்கள், ஒன்றுக்கு ஒன்று என்று ஆரம்பிக்கலாம். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., தூரம் எட்டு பத்து செ.மீ. மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, ரசாயன ஆவிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க் வாங்குங்கள். குழுவில் ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் வெளியே போய்விட வேண்டும்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஈரக்காற்று அடிக்கும்போது லாக்கர் பெயிண்டோ வார்னிஷோ அடித்தால் மேலே வெள்ளைப் படலம் படியும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. ஏர்பிரஷிலும் தண்ணீர்த் துளி வந்து கொப்பளிக்கும். கம்ப்ரெசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம். அதுவும் போதாத நாள்களில் அடிக்காமல் இருப்பதே நல்லது. ஒரு நவம்பர் ஞாயிறு நான் பிடிவாதமாக மேட் வார்னிஷ் அடித்தேன். சாம்பல் எம்டன் பழைய வெள்ளை எம்டன் ஆகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி தேய்த்து அடிக்க மூன்று வாரம்.

துண்டு துண்டாகக் கட்டுவது

கிட்டோடு வரும் விளக்கத்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருப்பார்கள். அந்த வரிசையை நம்ப வேண்டாம். அது ஒட்டும் வரிசை, பெயிண்ட் அடிக்கும் வரிசை அல்ல. பாலம், புகைபோக்கிகள், படகுகள், பீரங்கிகள் எல்லாவற்றையும் தனித்தனித் தொகுப்பாகக் கட்டி, பல் குத்தும் குச்சியில் செருகிப் பெயிண்ட் அடித்து, தெர்மோகோலில் நட்டு வையுங்கள்.

எம்டனுக்குப் பத்து முக்கியப் பீரங்கிகள்: முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, பின்னால் அதே போல இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. 10.5 செ.மீ. வாய் 1/350-ல் 0.3 மி.மீ. ஆகும். அந்த அளவு டிரில்லால் முனையில் லேசாகக் குழி போட்டால் பார்ப்பவர் கண் அங்கேயே நிற்கும். முதலில் ஊசி முனையால் மையத்தைக் குத்திக்கொள்ளுங்கள். பத்தில் குறைந்தது இரண்டு கோணலாகப் போகும். அவற்றைப் பின்பக்கம் வையுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

நான்காவது புகைபோக்கி வேண்டும் என்பவர்கள் காகிதத்தில் செய்யுங்கள். நிஜமே துணிதான், பிளாஸ்டிக்கில் கச்சிதமாகச் செய்தால்தான் பொய்யாகத் தெரியும்.

பித்தளைத் தகடு

அமிலத்தில் அரித்து எடுத்த மெல்லிய பித்தளைப் பாகங்களைத்தான் போட்டோ எட்ச் என்கிறார்கள். கைப்பிடி வேலி, ஏணி போன்றவை இதில் வரும். கிட்டிலேயே இருக்கலாம், தனியாகவும் வாங்கலாம். ஒரு மீட்டர் உயர வேலி இந்த அளவில் மூன்று மி.மீ.கூட இல்லை. இருபுறமும் முழுக்க வைத்தால் மொத்த நீளம் 67 செ.மீ. கப்பல் மாடலைப் பாதியில் விட்டவர்களில் அதிகம் பேர் விட்டது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

பழைய டைல் ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்து வெட்டுங்கள். ரப்பர் பாயின் மேல் வெட்டினால் தகடு வளையும். வளைவான இடத்துக்குப் போகும் வேலியை மெழுகுவத்திச் சுடரில் நிறம் மாறும் வரை காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகி விரல் வளைத்தபடி வளையும். நேரான இடத்துக்குப் போவதைச் சூடாக்காதீர்கள், இளகிய வேலி பிறகு நேராக நிற்காது.

ஒட்டுவதற்கு முன் வேலியைத் தளத்தோடு வைத்து அளந்து, மூன்று நான்கு செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். பெரிய தையல் ஊசியின் காதை நடுவில் வெட்டினால் கவட்டை போல இரண்டு முனை கிடைக்கும். அந்தக் கவட்டையில் ஒரு துளி சூப்பர் குளூ நிற்கும். வேலியின் ஒரு முனையை மட்டும் தொட்டு நிறுத்துங்கள். நேராக இருக்கிறதா என்று கப்பலின் முன்னாலிருந்து ஒருவர் பார்க்கட்டும், மேலிருந்து இன்னொருவர் பார்க்கட்டும். பிறகு மறுமுனை. இதை நாங்கள் இரண்டு பேராகத்தான் செய்தோம். ஒருவர் கையில் சாமணம், இன்னொருவர் கையில் பசை. அவசரக்காரர்கள் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டலாம். பிடிப்பு குறைவு, ஆனால் தப்பினால் ஈரப் பஞ்சால் கழற்றிவிடலாம். முதல் கப்பலுக்கு அதுவே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

சாமணத்திலிருந்து துள்ளிப் போன பாகத்தைத் தேட ஆரம்பிக்கும் முன், எல்லாரும் இருந்த இடத்தில் அசையாமல் உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். பிறகு செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் அதன் நிழல் நீளமாகத் தெரியும்.

கயிறும் கம்பியும்

எம்டனுக்கு இரண்டு பாய்மரத் தண்டுகள், அவற்றுக்கு நடுவே வயர்லெஸ் கம்பிகள். தண்டுகள் பிளாஸ்டிக்கில் இருந்தால் கம்பி இழுக்கும்போது வளையும், பித்தளைக் கம்பியால் மாற்றிவிடுவது நல்லது.

கயிற்றுக்கு நாங்கள் இரண்டு பொருள் பயன்படுத்தினோம். தண்டுகளைத் தாங்கும் கனமான கயிறுகளுக்கு 44-ம் எண் தாமிரக் கம்பி. 0.08 மி.மீ. என்பது நிஜக் கப்பலில் மூன்று செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த கயிறு, சரியாக இருக்கும். கம்பியைக் கண்ணாடி மேல் வைத்து ஸ்கேலால் உருட்டினால் நேராகிவிடும். மற்ற மெல்லிய கோடுகளுக்குக் கிட்டின் கழிவுச் சட்டகமே போதும். மெழுகுவத்திச் சுடருக்கு ஒரு விரல்கடை மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி போல நீளும். வேகமாக இழுத்தால் மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். ஒட்டிய பிறகு தொய்வாக இருந்தால் ஊதுபத்தியைப் பற்றவைத்து அணைத்து, கனன்றுகொண்டிருக்கும் முனையை ஐந்து மி.மீ. தள்ளிக் காட்டுங்கள். கயிறு தானே சுருங்கி விறைக்கும். தொட்டால் அறுந்துபோகும். இந்த ஞாயிறுகளில் எங்கள் அறையில் வெள்ளிக்கிழமை பூஜை வாசனை.

நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்று வேலை செய்யுங்கள். முடிந்த கயிற்றைத் தாண்டிக் கை போகக்கூடாது.

அழுக்கு

மதராஸுக்கு வந்த எம்டன் சுத்தமாக இருந்திருக்காது. துறைமுகம் எதையும் தொடாமல் இந்தியப் பெருங்கடலில் சுற்றிக்கொண்டு, கூட வந்த நிலக்கரிக் கப்பல் மார்கோமானியாவிலிருந்தும் பிடித்த கப்பல்களிலிருந்தும் நடுக்கடலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கப்பல்கள் அலையில் உரசிக்கொண்டு நின்றால் பக்கவாட்டில் கீறலும் பள்ளமும் விழும், தளமெல்லாம் கரி படியும். அதனால் துரு, உப்புக்கறை, கரித்தூள் மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றரைச் சாண் கப்பலில் ஒரு மி.மீ. துருக்கோடு நிஜத்தில் 35 செ.மீ. அகலம். எண்ணெய் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்து, சுத்தமான பிரஷால் கீழ்நோக்கி இழுத்து, முக்கால்வாசியைத் துடைத்துவிடுங்கள். அரசுப் பேருந்து போலத் துருவேற்றிய ஒரு எம்டன் எங்கள் மேசையில் இருக்கிறது. அதன் உரிமையாளர் அதைத்தான் மிகவும் விரும்புகிறார், சரி, அவர் கப்பல்.

கூட்டத்தில் பேசும் விதம்

"சூப்பர்" என்ற சொல்லை முதல் கூட்டத்திலேயே தடை செய்தோம். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவராது. பதிலாக ஒவ்வொருவரும் தன் கப்பலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இரண்டாவது புகைபோக்கி சாய்ந்திருக்கிறதா?" என்பது போல. மற்றவர்கள் அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேட்காத குறையைச் சொல்லும் ஆசை எல்லாருக்கும் வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரே விதிவிலக்கு பசை மூடி திறந்திருக்கும்போது. அப்போது யார் வேண்டுமானாலும் கத்தலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோவது

கண்ணாடிப் பெட்டி இல்லாத கப்பலை நம் ஊர்த் தூசி ஆறு மாதத்தில் தின்றுவிடும். வேலிக்குள் படிந்த தூசியை ஊதி எடுக்க முடியாது. கப்பலின் நீளத்தைவிட ஐந்து செ.மீ. கூடுதலாக அக்ரிலிக் பெட்டிக்கு அளவு கொடுங்கள், கப்பலைக் கட்ட ஆரம்பிக்கும்போதே.

அடிப்பலகையில் கப்பலை ஏரா வழியாக இரண்டு திருகாணியால் பிடிக்க வேண்டும். அதற்கான நட்டுகளை உடலை ஒட்டி மூடுவதற்கு முன்பே உள்ளே பதித்திருக்க வேண்டும். எங்களில் மூன்று பேர் இதை மறந்து, முடித்த கப்பலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அடியில் துளை போட்டோம். அதில் ஒருவர் நான். என் எம்டனுக்குப் பின்பாய்மரம் இப்போது இரண்டாவது முறை செய்தது.

ஆட்டோவில் கொண்டுபோனால் பெட்டியை மடியில் வைக்காமல் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகத்தடையில் உங்கள் முழங்கை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். "உள்ள என்ன சார்?" என்று கேட்டவரிடம் எம்டன் என்றேன். மெதுவாகத்தான் ஓட்டினார்.